ஆங்கிலக் கேள்வி பதில்: ‘ரன்’ படுத்தும் பாடு

‘அதிகப் பொருள் கொண்ட ஆங்கிலச் சொல் செட்’ என்கிறது பொது அறிவுப் புத்தகம். ‘ரன்’ என்கிறார் எங்கள் சார். எது சரி?
– பிளஸ் டூ மாணவர், தேனி

ஆளுக்கொரு பதிப்பைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ வினைச்சொல்லுக்கு 430 பொருள். அப்போது அதுதான் முதலிடம். மூன்றாம் பதிப்புக்காக ‘ரன்’ வினைச்சொல்லைத் திருத்தும் வேலையை அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் 2011இல் முடித்தபோது எண்ணிக்கை 645ஐத் தொட்டது. அந்த ஒரு சொல்லுக்கே அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. ஒன்று பழைய கணக்கு, மற்றது புதிய கணக்கு என்பதால் இதைப் பந்தயம்போல் பார்ப்பதில் அர்த்தமில்லை. விடையோடு ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், யாரும் மறுக்க முடியாது.

இத்தனை பொருளில் வாக்கியத்துக்கு ஏற்றதை எப்படிப் பிடிப்பது?
– போட்டித் தேர்வர், விருதுநகர்

முதலில் எழுவாயைப் பாருங்கள். பஸ், மோட்டார், நூறு நாள் படம் எல்லாம் தமிழிலும் ‘ஓடு’கின்றன, அங்கே சிக்கல் இல்லை. மூக்கு ‘ரன்’ ஆனால் ஒழுகுகிறது. துவைக்கும்போது சட்டை நிறம் ‘ரன்’ ஆனால் சாயம் போகிறது. கிணறு ‘ரன் டிரை’ ஆனால் வற்றிவிட்டது.

அடுத்து, செயப்படுபொருள் இருக்கிறதா? ‘ஷி ரன்ஸ்’ என்றால் ஓடுகிறார். ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்றால் பள்ளிக்கூடம் நடத்துகிறார். ‘ரன் எ டெம்பரேச்சர்’ காய்ச்சல் அடிப்பது, ‘ரன் எ பாத்’ குளியல் தொட்டியில் தண்ணீர் பிடிப்பது, ‘ரன் எ ரெட் லைட்’ சிவப்பு விளக்கு எரியும்போதே வண்டியை விடுவது.

கடைசியாக, ஒட்டி வரும் சிறுசொல். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ‘ரன் இன்டு’வுக்குப் பின்னால் ஆசிரியர் வந்தால் தற்செயலாகச் சந்தித்தது, மரம் வந்தால் மோதியது, லட்சம் வந்தால் செலவு லட்சக்கணக்கில் போனது. அகராதியில் ‘ரன்’னின் முதல் பொருளிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போகாதீர்கள். மாணவர் அகராதிகளில் இந்தச் சேர்க்கைகள் பெரும்பாலும் பதிவின் கடைசியில் தனியாக இருக்கும். நேரே அங்கே போங்கள்.

பெட்ரோல் தீர்ந்ததைச் சொல்ல ‘வீ ரேன் அவுட் பெட்ரோல்’ என்று எழுதினேன். டீச்சர் சுழித்துவிட்டார்.
– கல்லூரி மாணவி, மன்னார்குடி

‘ஆஃப்’ (of) விட்டுப்போனதால் சுழித்திருக்கிறார். தீர்ந்த பொருளே எழுவாய் என்றால் ‘ஆஃப்’ வராது: ‘தி பெட்ரோல் ஹேஸ் ரன் அவுட்.’ யாரிடம் தீர்ந்ததோ அவர் எழுவாய் என்றால் ‘ஆஃப்’ கட்டாயம்: ‘வீ ரேன் அவுட் ஆஃப் பெட்ரோல்.’ முதல் வாக்கியத்தில் ‘ஹேஸ் ரேன்’ என்று எழுதினால் அதற்கும் சுழி உண்டு. ரன், ரேன், ரன்: மூன்றாவது வடிவம் முதல் வடிவத்துக்கே திரும்பிவிடும்.

கிரிக்கெட்டிலும் இதே குழப்பம். ‘ரன் அவுட் ஆயிட்டான்’ என்று பேசிப் பழகியதால் ‘ஹி ரேன் அவுட்’ என்று எழுதிவிடுகிறோம். அது வெளியே ஓடினான் என்றாகிவிடும். ஃபீல்டர் அவனை ஆட்டமிழக்கச் செய்கிறார் என்பதால் செயப்பாட்டு வினைதான் வேண்டும்: ‘ஹி வாஸ் ரன் அவுட்.’

செய்தியில் ‘ரன் ஆன் தி பேங்க்’ என்று வந்தது. வங்கிக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், கரூர்

வங்கி திவாலாகிவிடும் என்ற பயத்தில் போட்ட பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பது. டெபாசிட்டில் பெரும்பகுதி கடனாகப் போயிருக்கும், கையிருப்பு கொஞ்சம்தான். அதனால் நல்ல வங்கியும் இதில் ஆடிப்போகும். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசல்களில் நீண்ட வரிசை நின்றது இப்படித்தான்.

‘ரன்’ பயன்பாட்டில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் வேறுபாடு உண்டா?
– வாசகி, கோவை

உண்டு. தேர்தலில் அமெரிக்கர் ‘ரன்’ செய்வார், பிரிட்டிஷார் ‘ஸ்டாண்ட்’ செய்வார்! காலுறையில் இழை பிரிந்து ஓடினால் அமெரிக்காவில் ‘ரன்’, பிரிட்டனில் ‘லேடர்’.

‘ஐ ஹேவ் தி ரன்ஸ்’ என்று லீவு லெட்டரில் எழுதலாமா?
– ஐடி ஊழியர், சென்னை

வேண்டாம். வயிற்றுப்போக்குக்கு நண்பர்களிடம் சொல்லும் கொச்சை அது. ‘தி’ விட்டுப்போனால் உங்களிடம் கிரிக்கெட் ரன் இருக்கிறது என்று படிப்பார்கள். ‘ஸ்டொமக் அப்செட்’ போதும். வெளிநாட்டு மேலாளருக்கு நம்மூர் ‘லூஸ் மோஷன்’ புரியாமல் போகலாம். அவருக்கு ‘டயரியா’ என்றே எழுதுங்கள்.