கேள்வி பதில்: "போன ஜென்மத்துப் பாவம்" என்கிறார்களே, நம் சமயம் அப்படியா சொல்கிறது?

கேள்வி: மகன் நான்காம் ஆண்டு படிக்கிறான். கூடப் படிக்கும் பையன் "உங்களுக்கு மொத்தம் எத்தனை சாமி?" என்று கேட்டிருக்கிறான். இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டான், எனக்கும் தெரியவில்லை. முப்பத்து முக்கோடி என்பதா, ஒன்று என்பதா?
- வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு, மலேசியா

பதில்: ஒன்று என்று தயங்காமல் சொல்லுங்கள். இந்தக் கேள்வி ரொம்பப் பழையது. பிருகதாரண்யக உபநிடதத்தில் சாகல்யர் யாக்ஞவல்கியரிடம் "தேவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்கிறார். 3306 என்று பதில் வருகிறது. சரி, உண்மையில் எத்தனை என்று மறுபடி கேட்டால் 33. விடாமல் கேட்கக் கேட்க அது ஆறாகி, மூன்றாகி, இரண்டாகி, ஒன்றரையாகி, கடைசியில் ஒன்றில் வந்து நிற்கிறது. அந்த 33-தான் நாம் முப்பத்து முக்கோடி என்று சொல்லுவதற்கு அடி.

பையனுக்கு உபநிடதம் ஏறாது என்றால், அடுத்த பூஜைக்கு மஞ்சள் பிடிக்கிற வேலையை அவனிடம் கொடுங்கள். மஞ்சள்தூளில் தண்ணீர் தெளித்துக் குழைத்து, விரல் நுனியால் கூம்பாகப் பிடித்து, உச்சியில் ஒரு அருகம்புல்லைச் செருகினால் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிடுவார். பொட்டும் பூவும் வைத்துக் கும்பிடுகிறோம், முடிந்ததும் அதே பிள்ளையாரைத் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றுகிறோம், சாமி கரைந்துவிட்டாரே என்று யாரும் பதறுவதில்லை. மஞ்சள் அவரை உட்கார வைத்த இடம், அவ்வளவுதான். தன் கையால் பிடித்துத் தன் கையாலேயே கரைத்த பிள்ளைக்கு வடிவம் பல, இறைவன் ஒருவன் என்பது தானாகப் பிடிபடும். பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சமயப் பாடம் உண்டு, அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் நன்னெறிக் கல்வி படிக்கிறார்கள், அதனால் இதையெல்லாம் வீட்டிலும் கோயில் சமய வகுப்பிலும்தான் கொடுக்க முடியும். "சாமியைப் பற்றிக் கேள்வி கேட்காதே" என்று மட்டும் அடக்கிவிடாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பிறவியிலேயே மூளை வாதம், நடக்க முடியாது, பேச்சும் இரண்டு மூன்று சொற்கள்தான். வாரம் இரண்டு நாள் பிசியோவுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில் பெரியம்மா முறை உள்ளவர் பந்தியில் எல்லார் முன்னாலும் "போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சதோ, பிள்ளையும் அனுபவிக்குது, பெத்தவளும் அனுபவிக்கிறா" என்றார். அன்றிலிருந்து கோயிலுக்குப் போகவே மனம் வரவில்லை. நம் சமயம் இப்படித்தான் சொல்கிறதா?
- வாசகி, பிறை

பதில்: இல்லை சகோதரி. வினை உண்டு, மறுபிறப்பு உண்டு, அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா பேசியது வினைக் கொள்கை இல்லை.

பல பிறவியாகச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், அதில் இந்தப் பிறவிக்கென்று எடுத்து வந்தது பிராரத்தம், இப்போது செய்து சேர்த்துக்கொண்டிருப்பது ஆகாமியம். பத்தாயத்து நெல், உலையில் கொதிக்கும் அரிசி, இன்றைக்கு விதைக்கிற விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேசியது உலையைப் பற்றி, அதுவும் இன்னொருவர் வீட்டு உலை. அதில் என்ன வேகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சைவ சித்தாந்தப்படி வினை அறிவில்லாத சடப்பொருள், தானாக யாரையும் தேடிப் போய் ஒட்டாது, அந்தந்த உயிருக்கு அதைக் கூட்டுவிப்பவன் இறைவன், கணக்கும் அவனிடம்தான் இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்துகொண்டு அதை எடுத்து வாசிக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் ஒரு தாயின் மனம் நோகும்படி அவர் வாயிலிருந்து விழுந்த சொல், அது அந்த நிமிடமே அவருடைய ஆகாமியமாகிவிட்டது.

சம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில், இப்போதைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்துக்கொண்டது. அப்போது பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். முதல் பாட்டே இப்படித்தான் தொடங்குகிறது: "அவ்வினைக்கு இவ்வினை யாம்என்று சொல்லும் அஃதறிவீர், உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனம் அன்றே". முன்னே செய்ததற்கு இது விளைவு என்று சொல்லத் தெரிகிறதே, பிழைக்கிற வழியைத் தேடாமல் இருக்கிறீர்களே, அதுதானே உங்களுக்கு ஊனம் என்கிறார். ஊனம் என்ற சொல்லை அவர் யார்மேல் வைக்கிறார் என்று பாருங்கள். காய்ச்சலில் படுத்துக் கிடப்பவர்மேல் இல்லை, வினை என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்மேல். எத்தனையோ வருடமாக இந்தப் பதிகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், பொருளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பந்தியில் ஒருவராவது எழுந்து பேசியிருப்பார். அடுத்த வரியில் "கைவினை செய்து" என்று வருகிறது. பூசையும் தொண்டும் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து வாரம் இரண்டு நாள் பிசியோவுக்குப் போய் வருவதையும் நான் அதில்தான் சேர்ப்பேன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அறுபத்து மூவரில் தண்டியடிகள் பிறந்தபோதே கண் தெரியாதவர். திருவாரூர்க் குளத்தைத் தானே தூர் வாருவது என்று முடிவு செய்து, குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, நடுவே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவித் தடவி இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து வந்து கொட்டினார். இவரைப் பற்றிச் சேக்கிழார் எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? திருவாரூரில் பிறக்கும் "பெருமைத் தவமுடையார்" என்று. அகத்தே இறைவனைப் பார்க்கும் நோக்கம் போதும் என்று புறப் பார்வையைத் துறந்தவர் போலப் பிறந்தபோதே கண் காணாதவராக இருந்தாராம். உங்கள் பெரியம்மா பாவத்தைப் பார்த்த இடத்தில் சேக்கிழார் தவத்தைப் பார்த்திருக்கிறார். நாம் சேக்கிழார் பக்கம் நிற்போம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் சமூக நல இலாகாவில் பதிந்து எடுத்துவிடுங்கள், வெளியே தெரிந்துவிடும் என்று தள்ளிப்போடுகிற பெற்றோர் இருக்கிறார்கள், அது வேண்டாம். அப்புறம் கோயிலை விட்டுவிடாதீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள், பிள்ளையோடு சிரமம்தான். குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலுக்கு மலை ஏற வேண்டியதில்லை, 1833-லிருந்து அம்மன் நம் ஆட்களின் கண்ணீரை அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். மகளைத் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் நில்லுங்கள், மணிச் சத்தத்துக்கு அவள் முகம் திரும்புகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. இதற்குள் மறுபிறவி எடுத்திருப்பார் என்றால் திதி கொடுப்பது யாருக்குப் போய்ச் சேரும்? நாங்கள் இருப்பது 17-வது மாடி, காக்கைக்குச் சோறு வைக்கவும் நிர்வாகம் விடுவதில்லை.
- வாசகர், ஜெலுத்தோங்

பதில்: போய்ச் சேரும். அப்பா வசு, தாத்தா ருத்திரர், கொள்ளுத்தாத்தா ஆதித்தர் என்று அந்த மூன்று தேவ வகைகளைப் பாவித்துத்தான் திதி கொடுக்கிறோம். மேலே 33 என்று சொன்னேனே, அதில் எட்டு வசுக்கள், பதினொரு ருத்திரர்கள், பன்னிரண்டு ஆதித்தர்கள் என 31 பேர் இவர்கள்தான். அந்த உயிர் எங்கே எந்த உடம்பில் இருந்தாலும் அதற்கு ஏற்ற உணவாக அவர்கள் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்பது நம்பிக்கை. முகவரி நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

எள்ளும் தண்ணீரும் இறைத்தாலே தர்ப்பணம் ஆகிவிடும், பெரிய செலவு வேண்டாம். காக்கைக்கு வைக்க வழி இல்லை என்றால், அன்றைக்கு அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைத்து, வீட்டில் யாரும் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு பொட்டலம் கட்டிக் கீழே காவலுக்கு இருப்பவரிடம் சூடாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.