கேரியரா, ஸ்ட்ரோலரா என்று கேட்பதற்கு முன்னால், தூக்கப்போவது யார்?

கேள்வி: "எட்டு மாதக் குழந்தையோடு மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று குடும்பமாக வேனில் போகிறோம். மாமனார், மாமியாரும் வருகிறார்கள். ஸ்ட்ரோலர் எடுத்துப்போவதா, பேபி கேரியரே போதுமா?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று ஊருக்கும் கேரியர், அதாவது குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்கிற பை, கண்டிப்பாக வேண்டும். வேனில் இடம் இருந்தால், சின்னதாக மடிகிற ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையைத் தள்ளிப்போகிற வண்டி, ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எதை எடுப்பது என்று வீட்டில் பேசுவதற்கு முன்னால், கேரியரை யார் மாட்டிக்கொள்ளப்போகிறார்கள் என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். அதைப் பேசாமல் கிளம்பினால் அது உங்கள் தோளில்தான் வந்து நிற்கும். மாமனார், மாமியார் என்று எழுதியிருப்பதால் நீங்கள் மருமகள் என்று எடுத்துக்கொள்கிறேன். மருமகனாக இருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு இன்னும் அவசியம்.

நாங்களும் இதே சுற்றுதான் போனோம். என் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். எனக்கு சிசேரியன். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் நின்றாலே முதுகு பிடித்துக்கொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் சாமான் கட்டும்போது, "ஸ்ட்ரோலர் எதுக்கு? டிக்கியை அடைச்சுக்கும். கங்காரு பைதான் இருக்கே, கையும் ஃப்ரீயா இருக்கும்" என்று முடிவாகிவிட்டது. யார் கை ஃப்ரீயாக இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேரியரில் ஒரு விஷயம் இருக்கிறது, வாங்கும்போது கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இடுப்பு பெல்ட், இரண்டு தோள்பட்டை, முதுகுக்குப் பின்னால் ஒரு கிளிப், இவ்வளவையும் ஒருவருடைய உடம்புக்கு ஏற்றபடி இழுத்து வைத்துவிடுவோம். அப்புறம் அது அவருடைய கேரியர் ஆகிவிடும். என் இடுப்புக்கு வைத்திருந்த பெல்ட் என் கணவருக்குப் பத்தாது. பட்டையை முழுக்கத் தளர்த்தி, அவருக்கு இறுக்கி, திரும்ப என் முறை வரும்போது மறுபடி அளவு பிடிக்க வேண்டும். கூட்டத்தில் நின்றுகொண்டு யார் அதைச் செய்வார்கள்? "சரி விடு, அடுத்த கோயில்ல நான் எடுத்துக்கிறேன்" என்பார் அவர். அந்த அடுத்த கோயில் வரவே வராது. பின்பக்கக் கிளிப் எனக்குக் கை எட்டாது, அதை மாட்டிவிடுவது மட்டும் அவர் வேலையாக இருந்தது.

மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன்கூட எடுத்துப்போக முடியாது. செருப்பையும் போனையும் கொடுத்துவிட்டு, சோதனை முடித்து, வரிசையில் நகர்ந்து, படி தாண்டிப் போக வேண்டும். அங்கே ஸ்ட்ரோலருக்கு வேலையே இல்லை. கேரியரில் மகள் சமர்த்தாக இருந்தாள். வெளியே வந்தபோது என்னால் குனிய முடியவில்லை.

ராமேஸ்வரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். அங்கே முதலில் அக்னி தீர்த்தத்தில் கடல் நீராடிவிட்டு, ஈர உடையோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் நீராடுவார்கள். ஒவ்வொரு கிணற்றடியிலும் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். தரை முழுக்க ஈரம், வழுக்கும். கைக்குழந்தையை அதற்குள் கொண்டுபோக முடியாது, யாராவது ஒருவர் நனையாமல் வெளியே இருக்க வேண்டும். "நீ இரும்மா, நாங்க போயிட்டு வந்துடறோம்" என்றார் அத்தை, அதாவது என் மாமியார். ஒவ்வொரு ஊரிலும் இதே வார்த்தைதான்.

"இல்லைங்க அத்தை, இவர் இருக்கட்டும். நானும் நனைஞ்சுட்டு வரேன்" என்றேன்.

"அவன் ஆம்பளை, அதைக் கட்டிக்கிட்டு நின்னா எல்லாரும் பார்ப்பாங்களேம்மா."

"பார்க்கட்டும் அத்தை. எனக்கு முதுகு முடியல."

என் கணவர் ஒன்றும் சொல்லாமல் பட்டையைத் தளர்த்தி மாட்டிக்கொண்டார். பின்பக்கக் கிளிப்பை நான் போட்டுவிட்டேன். 22 தீர்த்தமும் ஆடி, உடை மாற்றிக்கொண்டு நாங்கள் வரும்வரை அவர் மூன்றாம் பிரகாரத்தில் நடந்துகொண்டிருந்தார். 1212 தூண்கள் என்று எல்லோரும் சொல்கிற பிரகாரம் அதுதான். தூண்கள் வரிசையாகப் பின்னால் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்த மகள், முதல் திருப்பம் வருவதற்குள் தூங்கிவிட்டாளாம். அவருடைய சட்டையில், அவள் கன்னம் வைத்திருந்த இடத்தில் ஒரு கை அகலத்துக்கு எச்சில் ஈரம். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. பார்த்தவர்களும் பார்த்தார்கள்தான். ஒரு பெரியவர், "பாப்பாவுக்கு எத்தனை மாசம் தம்பி?" என்று கேட்டார். நடந்தது அவ்வளவுதான். அன்று சாயங்காலம் தனுஷ்கோடிக்கும் அவரே மாட்டிக்கொண்டு வந்தார். அரிச்சல்முனையில் அடிக்கிற காற்றுக்கும் மணலுக்கும் ஸ்ட்ரோலர் சக்கரம் ஓர் அடி நகராது.

இதைப் படித்துவிட்டு, "நம் பாட்டிமார் இடுப்பிலேயே தூக்கிச் சுமக்கவில்லையா?" என்று எழுதப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சுமந்தார்கள். ஆனால் அந்த வீடுகளில் குழந்தை ஒரே இடுப்பில் நாள் முழுக்க இருந்ததில்லை. அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுப் பெண் என்று கை மாறிக்கொண்டே இருக்கும். நான் கேட்பதும் அந்தக் கை மாறுவதைத்தான். என் கணவரைக் குறை சொல்வதற்காகவும் இதை எழுதவில்லை. கேட்டதும் செய்தார். கேட்காமலே செய்கிற கணவர் உங்களுக்கு அமைந்திருந்தால் நல்லது.

சரி, ஸ்ட்ரோலருக்கு வருகிறேன். திரும்பும் வழியில் மதுரையில் என் சித்தி வீட்டில் தங்கினோம். அவர்களிடம் மடிகிற ஸ்ட்ரோலர் ஒன்று இருந்தது. மீனாட்சி கோயிலைச் சுற்றியிருக்கும் நான்கு சித்திரை வீதிகளிலும் வண்டிகளை விடுவதில்லை, கல் பாவிய நடைபாதையாகவே வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் அங்கே ஸ்ட்ரோலரை எடுத்துப்போனோம். அத்தைக்கு மூட்டுவலி, பேத்தியைத் தூக்கிக்கொண்டு பத்தடிகூட நடக்க முடியாது. அன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அதையே ஊன்றுகோல் மாதிரி வைத்து, கோபுரம் கோபுரமாகக் காட்டிக்கொண்டே பேத்தியைத் தள்ளிப்போனார். பயணம் முழுக்க அவருக்குக் கிடைக்காதது அந்த ஒரு மாலையில் கிடைத்தது. வயதானவர்கள் கூட வரும்போது ஸ்ட்ரோலரை இடைஞ்சல் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் சித்திரை வீதியைத் தாண்டி மாசி வீதிப் பக்கம் வந்தால் பைக்குகளும் மேடுபள்ளமும்தான். அங்கே மடித்துக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி கவனிக்க வேண்டியவை. கேரியரில் குழந்தையின் தொடை முழுக்கத் துணியில் தாங்கியிருக்க வேண்டும். முழங்கால் பிட்டத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். கால் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதில்லை. தாடை நெஞ்சில் அழுந்தக் கூடாது, முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம் ஊர் வெயிலில் உங்கள் உடம்புச் சூடும் சேர்ந்து குழந்தைக்கு வேர்க்கும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், நசநசவென்று இருந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். ஸ்ட்ரோலரில் தூங்குகிறது என்று வெயிலுக்குத் துணி போட்டு மூடாதீர்கள். மெல்லிய துணியாக இருந்தாலும் உள்ளே காற்று போகாமல் சூடு ஏறிவிடும். கேரியர் தூக்கி நடப்பதற்குத்தான், வேன் ஓடும்போது குழந்தையைக் கேரியரில் வைத்திருக்காதீர்கள். அதற்கு வண்டியில் பொருத்துகிற குழந்தை இருக்கைதான் சரி.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. 2015-ல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டுவதற்கென்று தனி அறைகள் திறந்தார்கள். நல்ல திட்டம், அதை நம்பித்தான் வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் வேனை நிறுத்தச் சொன்னேன். எந்த ஊர் என்பது வேண்டாம். கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். கடைசியில் ஒருவர் வந்து திறந்தபோது உள்ளே துடைப்பமும், பினாயில் கேனும், உடைந்த நாற்காலிகளும். குழந்தை அழுது முகம் சிவந்துவிட்டது. வேனில் ஜன்னலுக்குத் துண்டைக் கட்டி, அந்த வெக்கையில் பால் கொடுத்தேன். அறையைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு சாவியை அங்கேயே வைத்திருக்கத் தெரியாதா? இதை ஆண்கள் யாரும் புகாராக எழுதியதை நான் பார்த்ததில்லை. நீங்கள் போகும் வழியிலும் இப்படி இருந்தால் தயவுசெய்து விடாதீர்கள், நிலைய அலுவலகத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கன்னியாகுமரிக்கு வருகிறேன். விவேகானந்தர் பாறைக்குப் படகில்தான் போக வேண்டும். கரையில் வரிசை நீளமாக இருக்கும், அதுவரை கேரியர் உதவும். படகில் ஏறுவதற்கு முன்னால் கேரியரைக் கழற்றிவிட்டு, லைஃப் ஜாக்கெட்டை நீங்கள் சரியாகப் போட்டுக்கொண்டு, குழந்தையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்மேல் போகும்போது குழந்தையை உடம்போடு கட்டிவைத்திருப்பது ஆபத்து. பாறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும், வெயில் ஏறினால் தரை கொதிக்கும். அங்கிருந்து திருவள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் முதல் இருக்கிறது, அதைப் பார்க்க வரும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அதனால் காலையிலேயே வரிசைக்குப் போய்விடுங்கள். அறையிலிருந்து கிளம்பும்போதே பெல்ட்டை உங்கள் கணவரின் இடுப்பு அளவுக்கு வைத்து, அவரிடமே மாட்டிவிடுங்கள்.