வலியே இல்லாமல் காதில் சீழ் வடிந்தால் அப்படியே விட்டுவிடலாமா?

ஏழு வயது மகனுக்கு அடிக்கடி காதில் சீழ் வடிகிறது, சொட்டு மருந்து விட்டால் நின்றுவிடுகிறது, வலி இல்லை, வளர வளரச் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வளரட்டும் என்று காத்திருக்காதீர்கள். என் இடது காதும் 22 ஆண்டுகள் வலிக்காமல்தான் வடிந்தது.

சளி பிடித்து நடுக்காதில் சீழ் கட்டினால் அது செவிப்பறையை முட்டித் தள்ளும். உயிர் போகிற வலி அப்போதுதான். பறை கிழிந்து சீழ் வெளியே வந்ததும் வலி அடங்கிவிடும். அந்தக் கிழிசல் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். மூடாமல் நின்றுவிட்டால் சீழ் கட்டி நிற்க இடமில்லை, அதனால் வலியும் இல்லை. ஆனால் குளிக்கும் தண்ணீர் வெளியிலிருந்தும், சளிக் கிருமி மூக்கின் பின்புறமுள்ள யூஸ்டேஷியன் குழாய் வழியாகவும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் கிருமிக்கு ஏறிப்போவது எளிது. சொட்டு மருந்து கிருமியைக் கொல்லும், ஓட்டையை அடைக்காது. காது காய்ந்துவிட்டது என்பதும் குணமாகிவிட்டது என்பதும் வேறு வேறு.

பறையின் நடுவில் ஓட்டை இருந்தால் ஆபத்து குறைவு. சளி பிடிக்கும்போதெல்லாம் வழவழவென்று நிறைய வடியும். பறையின் மேல்பகுதியோ விளிம்போ உள்வாங்கிப் பை போலாகி, அதில் தோல் செதில்கள் சேர்ந்துகொண்டே போவது இன்னொரு வகை. கொலஸ்டியாட்டோமா என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், புற்றுநோய் அல்ல. ஆனால் பக்கத்திலுள்ள எலும்பை அரிக்கும். இதில் சீழ் கொஞ்சமாகத்தான் வரும். நாற்றம் மட்டும் குடலைப் புரட்டும்.

எனக்கு அதுதான். காலையில் தலையணை உறையில் நகம் அளவு மஞ்சள் கறை இருக்கும், அவ்வளவுதான். 29 வயதில் ஒரு காது-மூக்கு-தொண்டை மருத்துவர் நுண்ணோக்கி வைத்து, குழாயால் அழுக்கை உறிஞ்சி எடுத்துவிட்டுத் திரையில் காட்டினார். ஈரமான வெள்ளைச் செதில்கள் அடுக்கடுக்காக இருந்தன. அதுவரை பார்த்தவர்கள் டார்ச் அடித்துப் பார்த்து மருந்து எழுதியதோடு சரி. சி.டி. ஸ்கேனில் ஒலியைக் கடத்தும் மூன்று சிற்றெலும்புகளில் நடு எலும்பு அரித்துப்போயிருந்தது. காதின் பின்னெலும்பைக் குடைந்து சுத்தம் செய்தார்கள். காது காய்ந்தது, போன கேட்கும் திறன் முழுதாகத் திரும்பவில்லை. திரும்ப வளரக்கூடியது என்பதால் இன்றும் ஆண்டுதோறும் காட்டி வருகிறேன்.

மகனுக்கு இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சீழ் நிறைந்த காதில் மருந்து விட்டால் அது உள்ளே போகாது. மெல்லிய காகிதத்தைத் திரியாகத் திரித்துக் காதில் வைத்து, ஈரத்தை உறிஞ்சியதும் மாற்றி, திரி காய்ந்து வரும்வரை செய்யுங்கள். மருந்துக் குப்பியை உள்ளங்கையில் சற்று நேரம் பொத்திச் சூடாக்கிக்கொள்ளுங்கள்; குளிர்ந்த மருந்து தலையைச் சுற்றவைக்கும். விட்டபின் காதுத் துளைக்கு முன்னாலுள்ள சிறு மேட்டை அழுத்தி அழுத்தி விடுங்கள். பழைய குப்பியில் மிச்சமிருக்கும் மருந்து வேண்டாம். சில வகை மருந்துகள் ஓட்டை வழியே உட்காதைக் கெடுக்கக்கூடியவை. எண்ணெய் கூடவே கூடாது. குளிக்கும்போது வாஸலின் தடவிய பஞ்சை வைத்து அடையுங்கள்.

கேட்கும் திறன் சோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். வகுப்பில் கவனமில்லை என்று பையன் திட்டு வாங்கிக்கொண்டிருக்கலாம், உண்மையில் அவனுக்குப் பாதிதான் காதில் விழுகிறதோ என்னவோ. ஓட்டை மூடாவிட்டால் தசைமேல் உள்ள சவ்வை எடுத்து ஒட்டும் அறுவை சிகிச்சை இருக்கிறது. எந்த வயதில் என்பதை மருத்துவர் சொல்வார்.

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, காதின் பின்னால் வீங்கினாலோ, காய்ச்சலோடு கடும் தலைவலியோ தலைச்சுற்றலோ வந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அதெல்லாம் இல்லையென்றாலும் இந்த வாரமே நுண்ணோக்கி உள்ள மருத்துவரிடம் காட்டி, "ஓட்டை நடுவில் இருக்கிறதா, மேல்விளிம்பில் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.