புட்டியை நாமே கம்பைல் செய்வது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தொலைவில் உள்ள சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியே நுழைய உதவும் நிரல்தான் புட்டி (PuTTY). அதை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தேன் (ஓடும் நிரலாகக் கட்டினேன்) என்று போன வாரம் நாலு வரி எழுதியதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். லினக்ஸ் என்று நான் சொல்லும் இடத்தில் டெபியன், உபுண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, ரெடிமேடாகக் கிடைக்கும்போது எதற்கு இந்த வேலை?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை. எனக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம், அலுவலக லினக்ஸ் ரொம்பப் பழசு. அதன் களஞ்சியத்தில் (லினக்ஸ் தன் நிரல்களை எடுக்கும் இடம்) இருந்த புட்டியும் அதே வயசு. வேறு வழியில்லை.

ஆனால் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல நிரல் கிடையாது. சைமன் டாதம் 1999-ல் வெளியிட்டது, எம்ஐடி உரிமம் (யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம்), முழுக்க சி மொழி. என்கிரிப்ஷன் கணக்குகளைக்கூட புட்டிக் குழுவினரே எழுதி உள்ளே வைத்திருக்கிறார்கள். ஓபன்எஸ்எஸ்எல் என்ற வெளி என்கிரிப்ஷன் நூலகம் எந்தப் பதிப்பு என்று அலைய வேண்டாம். இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு, கீழே வருகிறது.

எங்கிருந்து இறக்குவது சார்? தேடினால் ஏகப்பட்ட தளங்கள் வருகின்றன.

முதலில் வருவதைக் கிளிக் செய்யாதீர்கள். புட்டி டாட் ஆர்க் என்ற முகவரி அவர்களுடையது அல்ல. சியார்க் (chiark) என்ற சர்வரில் டாதமின் பெயரில் இருக்கும் பக்கம்தான் வீடு. லினக்ஸுக்கு டார் கோப்பு, விண்டோஸுக்கு ஜிப். பக்கத்திலேயே ஜிபிஜி கையொப்பமும் (கோப்பை வேறு யாரும் மாற்றவில்லை என்று காட்டுவது) இருக்கும். சரிபார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும், தட்டிக்கழிக்காதீர்கள்.

கம்பைல் முடிந்தது, பிழை எதுவும் இல்லை. ஆனால் புட்டியைக் காணோம்! பிளிங்க் (ஜன்னல் இல்லாத புட்டி), புட்டிஜென் (சாவி உருவாக்கும் கருவி) மட்டும் இருக்கின்றன.

இந்த ஒரு கேள்வி மட்டும் ஆறு பேரிடமிருந்து வந்தது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

புட்டியின் ஜன்னல், திரையில் ஜன்னல்களை வரையும் ஜிடிகே நூலகத்தை நம்பி இருக்கிறது. அது கிடைக்கவில்லை என்றால் நிரலைக் கட்டும் கருவியான சிமேக் சண்டை போடாது. கட்டளை வரிக் கருவிகளை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். “என் கணினியில் ஜிடிகே இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது, ஆனால் ஓடுவதற்கான பாதி மட்டும். கம்பைல் செய்ய ஹெடர் கோப்புகள் (நூலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்பவை) வேண்டும். அவை பெயரின் கடைசியில் ‘டெவ்’ என்று முடியும் தனிப் பொதியில் இருக்கின்றன. ஜிடிகே 3-க்கான டெவ் பொதி, பிகேஜி-கான்ஃபிக், சிமேக், பில்டு-எசென்ஷியல் நான்கையும் நிறுவுங்கள்.

அப்புறம் பழைய கோப்புறையிலேயே மறுபடி ஓட்டாதீர்கள். முதல் தடவை கண்டுபிடித்ததை சிமேக் எழுதி வைத்திருக்கும். டார் கோப்பைப் புதிதாகப் பிரித்து, உள்ளே போய், சிமேக் என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு ஒற்றைப் புள்ளி. ஓடும்போது திரையைப் பாருங்கள், ஜிடிகே கிடைத்ததா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். நாமெல்லாம் அதைப் படிக்காமல்தான் டீ குடிக்கப் போய்விடுகிறோம். கிடைத்திருந்தால் அடுத்த கட்டளை: சிமேக், இரட்டைக் கோட்டுடன் பில்டு, மறுபடி புள்ளி. அவ்வளவுதான்.

பழைய வழிகாட்டிகளில் ‘கான்ஃபிகர், மேக்’ என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2022-ல் வந்த 0.77 பதிப்பிலிருந்து எல்லாம் சிமேக்தான்.

கல்லூரி லேபில் ரூட் (நிர்வாகி அனுமதி) கிடையாது. முடியுமா அண்ணா?

முடியும் தம்பி. சிமேக்கின் இன்ஸ்டால் பிரிஃபிக்ஸை (நிறுவும் இடத்தை) உங்கள் ஹோம் கோப்புறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டெவ் பொதியை அங்கே யாரும் போட்டு வைக்கவில்லை என்றால் ஜன்னல் கிடையாது. பிளிங்க் போதும், லேபில் உட்கார்ந்து அதற்கு மேல் என்ன செய்யப் போகிறீர்கள்.

கிட்டிலிருந்து (மூலநிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும் இடம்) எடுத்துக் கட்டினேன். அபவுட்டில் ‘அன்ஐடென்டிஃபைட் பில்டு’ என்று வருகிறது. தப்பு செய்துவிட்டேனா?

இல்லை. வெளியீட்டு டார் கோப்பில் பதிப்பு எண்ணை அவர்களே எழுதி வைப்பார்கள், கிட்டில் அந்த இடம் காலி. ஆனால் ஆறு மாதம் கழித்து எந்த மூலநிரலில் கட்டினோம் என்று உங்களுக்கே நினைவிருக்காது. எனக்கு அப்படித்தான் ஆனது, கடைசியில் கோப்பின் தேதியைப் பார்த்து ஊகிக்க வேண்டியதாயிற்று. கமிட் எண்ணை (கிட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உள்ள அடையாளம்) குறித்து வையுங்கள்.

நாமே கட்டினால் அதிகப் பாதுகாப்பு என்கிறார்களே, உண்மையா?

என்கிரிப்ஷனை அவர்களே எழுதியதற்கு விலை உண்டு என்று மேலே சொன்னது இதைத்தான். நாம் யார் என்று சர்வருக்கு நிரூபிக்கும் ஈசிடிஎஸ்ஏ வகை டிஜிட்டல் கையொப்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசிய எண் வேண்டும். பழைய விண்டோஸில் நல்ல ரேண்டம் எண்ணுக்கு வழியில்லை என்பதால், புட்டி அதை எஸ்ஹெச்ஏ-512 ஹேஷிலிருந்து (எந்தத் தரவையும் ஒரே நீள எண்ணாக மாற்றும் கணக்கு) கணக்கிட்டு எடுத்தது. ஹேஷ் தருவது 512 பிட். பி-521 வகைச் சாவிக்கு வேண்டியதோ 521. மிச்சம் 9 பிட்டும் எப்போதும் பூஜ்யம். அந்த 9 பிட் போதும்: சுமார் 60 கையொப்பங்கள் கிடைத்தால் தனிச்சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். 0.68 முதல் 0.80 வரை எல்லாப் பதிப்பிலும் இருந்தது, 2024 ஏப்ரலில் 0.81-ல் சரிசெய்தார்கள். புட்டியின் நிரல்வரிகளை எடுத்துப் பயன்படுத்திய வின்எஸ்சிபி, ஃபைல்ஸில்லா என்ற கோப்பு அனுப்பும் நிரல்களும் மாட்டின.

மூலநிரல் எல்லார் கண் முன்னும்தான் இருந்தது. நீங்களே கட்டியிருந்தாலும் அந்த ஓட்டையோடுதான் கட்டியிருப்பீர்கள். களஞ்சியத்திலிருந்து நிறுவியவருக்கு அப்டேட் தானாக வந்தது, கையால் கட்டியவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. பழைய பதிப்பில் பி-521 சாவி பயன்படுத்தியிருந்தால் நிரலைப் புதுப்பித்தது மட்டும் போதாது. அந்தச் சாவியை சர்வர்களிலிருந்து நீக்கிவிட்டுப் புதிது உருவாக்குங்கள்.

புது புட்டிஜென்னில் செய்த சாவியை அலுவலகத்துப் பழைய புட்டி படிக்க மாட்டேன் என்கிறது.

0.75-லிருந்து பிபிகே கோப்பின் (புட்டி தனிச்சாவியைச் சேமிக்கும் கோப்பு) வடிவம் 3-ஆம் பதிப்பாகிவிட்டது, பழசுக்குப் புரியாது. சேமிக்கும்போது 2-ஆம் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அலுவலகப் புட்டியை மாற்றச் சொல்வதுதான் சரி. முந்தைய பதிலை அவர்களிடம் காட்டுங்கள்.

கம்பைல் செய்யும்போது ஏதாவது ஆப்ஷன் கொடுத்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியுமா? ‘கொ’ உடைந்து உடைந்து வருகிறது.

இல்லையே. டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. நம் கொம்பு மெய்க்கு முன்னால் போய் நிற்கும், கால் பின்னால் வரும். அரபி எழுத்தைச் சேர்த்து எழுத புட்டிக்குள் தனியாக நிரல்பகுதி இருக்கிறது, நமக்கு அப்படி யாரும் எழுதவில்லை. அரபிக்கான பகுதி டெர்மினல் கோப்புறையில் இருக்கிறது. சி தெரிந்தவர்கள் திறந்து பாருங்கள்.