குழுத் தலைமைக்கு 700 வெள்ளி உயர்வு போதுமா?

செங்காங் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு வயது 33. சிங்கப்பூர்க் குடிமகள். ஏழு ஆண்டுகளாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். மாதச் சம்பளம் 7,900 வெள்ளி. ஐந்து பேர் கொண்ட குழுவுக்குத் தலைமையேற்கச் சொல்கிறார்கள். சம்பளம் 8,600 வெள்ளி ஆகுமாம். இது நியாயமா? என் அனுபவத்தைக் காட்டி மேலும் கேட்கலாமா?"

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ஏழு ஆண்டு என்ற எண்ணிக்கையை முன்வைத்துக் கேட்காதீர்கள். பணியின் தொடக்கத்தில் ஒவ்வோர் ஆண்டும் உங்களுக்குத் தேவைப்படும் மேற்பார்வை குறைந்துகொண்டே வருவதால், அனுபவத்துக்கு நேரடி மதிப்பு உண்டு. அதன்பின், நீங்கள் எடுக்கும் முடிவு எத்தனை பேருடைய வேலையைத் தொடுகிறது, அது தவறினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பார்த்தே சம்பளம் உயர்கிறது. தரவுத்தளத்தை எப்படிப் பிரிப்பது என்று ஒருவர் தீர்மானிக்க, அதன்மேல் மூன்று குழுக்கள் வேலை செய்கின்றன என்றால், அவருக்குக் கீழே ஒருவர்கூட இல்லாவிட்டாலும் அவர் மூத்தவர்தான். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்ற, ஆட்களை நிர்வகிக்காத மூத்த பொறியாளர் பதவிகள் மேலாளர் பதவிக்கு இணையாக வைக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

ஆகவே, உங்களுக்குத் தரப்படுவது தொழில்நுட்பத் தலைமையா, ஆட்களை நிர்வகிக்கும் பொறுப்பா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பணி மதிப்பீடு, விடுப்பு அனுமதி, ஆள் தேர்வு ஆகியவையும் உங்களிடம் வருமானால் அது வேறு வேலை. ஒரு வாரத்தை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள். ஐவருடன் தனித்தனியே அரை மணி நேரம் பேசினால் இரண்டரை மணி நேரம்; நாள்தோறும் ஒரு மணி நேரம் அவர்களுடைய நிரலைச் சரிபார்த்தால் ஐந்து மணி நேரம்; திட்டமிடல் கூட்டங்களும் நேர்காணல்களும் இதற்குமேல். நீங்கள் எழுதும் நிரல் இப்போதிருக்கும் அளவிலேயே தொடர வேண்டும் என்று மேலாளர் எதிர்பார்த்தால், அந்த நேரம் உங்கள் மாலைப்பொழுதிலிருந்துதான் போகும். அந்த எதிர்பார்ப்பைக் குறைப்பது, சம்பளத்தைக் கூட்டுவதைப் போலவே முக்கியமானது என்பது என் உறுதியான கருத்து.

ஊழியரின் சேமிப்புக்காக அவரும் முதலாளியும் மாதந்தோறும் சந்தா செலுத்தும் மத்திய சேமநிதிக் கணக்கையும் பாருங்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை. 2026 ஜனவரி முதல் சந்தாவுக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 8,000 வெள்ளி. உங்கள் வயதில் ஊழியர் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 விழுக்காடு. சம்பளம் 8,600 ஆனாலும் சந்தா 8,000 வெள்ளிக்கு மட்டுமே கணக்கிடப்படுவதால், கையில் வருவது 6,320 வெள்ளியிலிருந்து 7,000 வெள்ளியாக உயரும். நிறுவனம் கூடுதலாகச் செலுத்தும் சந்தாவோ மாதம் 17 வெள்ளிதான். உச்சவரம்புக்குக் கீழே கிடைக்கும் 700 வெள்ளி உயர்வில் அது 119 வெள்ளியாக இருந்திருக்கும். நிறுவனத்துக்கு மிச்சமாகும் இந்தத் தொகையை நீங்கள் பேச்சில் எடுத்துச் சொல்லலாம்.

இரவு இரண்டு மணிக்குச் சேவை முடங்கினால் யாருடைய தொலைபேசி ஒலிக்கும் என்றும் கேளுங்கள். வேலை நேரம், மிகைநேர ஊதியம் பற்றிய சட்டப் பாதுகாப்பு உங்கள் சம்பள நிலையில் இருப்பவர்களுக்கு இல்லை. இரவு அழைப்புப் பணிக்கான படியும் மாற்று ஓய்வும் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் கிடைக்கும். 13வது மாதச் சம்பளமும் அவ்வாறே. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. எனவே போனஸ் தருவதாகச் சொன்னால் மயங்காமல், அடிப்படைச் சம்பளத்தில் உயர்வு கேளுங்கள். பின்வரும் உயர்வுகள் பெரும்பாலும் அதன்மீதே கணக்கிடப்படும்.

இப்போது தருவதாகச் சொல்லும் உயர்வு ஏறத்தாழ 9 விழுக்காடு. தொழில்நுட்பத் தலைமை மட்டும், நிரல் எழுதும் சுமையும் குறையும் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். ஆட்களை நிர்வகிப்பதும் சேர்ந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் 9,200 கேட்டு, 9,000 வெள்ளிக்குக் கீழே இறங்கமாட்டேன். "முதலில் ஆறு மாதம் செய்து காட்டுங்கள்" என்று சொன்னால், அந்த ஆறு மாதத்துக்கான படித்தொகை, மறுபரிசீலனைத் தேதி, அன்று கிடைக்கவேண்டிய சம்பளம் ஆகிய மூன்றையும் கடிதத்தில் எழுதி வாங்கிய பின்னரே பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.