முதிய முயலுக்குத் துணை சேர்க்கலாமா?

கேள்வி: எட்டு ஆண்டுகளாகத் தனியாக வளர்ந்த எங்கள் ஆண் முயல் இப்போது மூலையிலேயே படுத்திருக்கிறது. துணை சேர்த்தால் பழைய சுறுசுறுப்பு திரும்புமா?

பதில்: தனிமைதான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டு முயல்கள் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை என்பதால், உங்களுடையது முதுமையை எட்டிவிட்டது. பிற விலங்குகளுக்கு இரையாகும் இனமாதலால் முயல் தன் வலியை மறைத்துக்கொள்ளும். மூட்டுவாதமோ, கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கைக் குத்துவதோ இருந்தாலும், நமக்குத் தெரிவது அது அசையாமல் கிடப்பது மட்டுமே. இடுப்பு வலியோடு இருக்கும் முயலின் முதுகில் புதிய முயல் ஏறினால், அது கடிப்பதைத் தவிர வேறு வழியறியாது. வலிக்குச் சிகிச்சை அளித்த பிறகே துணையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேள்வி: குட்டியாக வாங்கினால் எளிதில் பழகிவிடும் என்கிறார்களே?

பதில்: நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. குட்டியின் துள்ளலுக்கு ஈடுகொடுக்க முதிய முயலால் இயலாது. மேலும், சில மாதங்களில் அது பருவமடைந்ததும் அதுவரை இருந்த இணக்கம் குலையலாம். நான்கைந்து வயதான, கருத்தடை அறுவை செய்யப்பட்ட, சாதுவான பெண் முயலே பொருத்தம். உங்கள் ஆண் முயலுக்கும் கருத்தடை அறுவை செய்வதானால், இந்த வயதில் அதற்கு மயக்க மருந்து தாங்குமா என்பதை முயல்களில் அனுபவமுள்ள மருத்துவர் சொல்ல வேண்டும். முயலால் வாந்தி எடுக்க இயலாது. அதன் குடலும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே அறுவைக்கு முன் இரவெல்லாம் பட்டினி போடச் சொன்னால், வேறொரு மருத்துவரையும் கலந்தாலோசியுங்கள்.

கேள்வி: இரண்டையும் எப்படி அறிமுகப்படுத்துவது?

பதில்: புதிய முயலை இரண்டு வாரங்கள் வேறு அறையில் வைத்து, நோய் ஏதுமில்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு இரண்டு கூண்டுகளையும், மூக்கைக் கடிக்க எட்டாத இடைவெளி விட்டு, அருகருகே வைத்து, கழிவுத் தட்டுகளையும் விரிப்புத் துணிகளையும் அவ்வப்போது மாற்றி வைத்தால், ஒன்றின் மணம் மற்றொன்றுக்குப் பழகும். இரண்டும் நிதானமாகத் தின்று, கூண்டுகளை ஒட்டியே படுக்கத் தொடங்கிய பின், முதிய முயல் தனதென்று கருதாத ஓர் இடத்தில் பத்து நிமிடங்கள் மட்டும் சேர்த்து விடுங்கள். வழுக்கும் தரையில் கோணிப்பாய் விரிப்பது மூட்டுவலிக்கு மிகவும் அவசியம். முதுகில் ஏறுவது இயல்பு. தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே விலக்குங்கள், ஏனெனில் அந்நிலையில் பிறப்புறுப்பைக் கடித்துவிடும் அபாயம் உண்டு. காதைப் பின்னுக்கு மடக்கி, வாலை உயர்த்திப் பாயத் தயாரானால், வெறுங்கையை நீட்டாமல் தடித்த துண்டை இடையில் போடுங்கள்.

பயத்தில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து வண்டியில் சுற்றும் முறையை முதிய முயலிடம் ஒருபோதும் முயலாதீர்கள். ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் அது புல் தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று பாருங்கள். 12 மணி நேரம் தின்னாமல் இருந்தால் அது அவசர நிலை.

கேள்வி: முயலுக்குப் பதிலாகக் கினிப்பன்றி சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். முயலுக்குத் தீங்கு செய்யாமல் தங்கியிருக்கும் ஒரு பாக்டீரியா கினிப்பன்றிக்குக் கடும் சுவாச நோயை உண்டாக்கக்கூடும்.

கேள்வி: மூன்று மாதமாகியும் சேரவில்லை. புதிய முயலைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கம்பி வலைக்கு இருபுறமும் அவை நிம்மதியாகப் படுத்திருந்தால் அப்படியே விடுங்கள், முதிய முயலுக்கு அந்த அருகாமையே போதும். கோடைக்காலத்தில் சந்திப்புகளை நிறுத்திவைத்து, வெயில் தணிந்த பின் தொடருங்கள்.