ஜோன் நாடகத்தில் வாள்சண்டை வேண்டுமா?

கேள்வி: எங்கள் பங்கில் மறைக்கல்வி மாணவிகள் பிரெஞ்சு வீராங்கனை புனித ஜோன் ஆஃப் ஆர்க் பற்றி 15 நிமிட நாடகம் போடுகிறார்கள். ஜோன் பத்துப் பேரை வெட்டிச் சாய்ப்பதில் தொடங்கி, 'மறைசாட்சி ஜோன்' (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்) சூனியக்காரியாக எரிக்கப்படுவதில் முடிகிறது. திருத்த வேண்டியது உண்டா?
– மறைக்கல்வி ஆசிரியை, புதுச்சேரி

பதில்: தொடக்கம், முடிவு இரண்டையுமே திருத்த வேண்டும்.

வாளைவிடக் கொடியே தனக்கு 40 மடங்கு பிடிக்கும், யாரையும் கொல்லக் கூடாதென்றே கொடி பிடித்தேன், ஒருவரையும் கொன்றதில்லை என்று 1431 விசாரணையில் ஜோனே சொல்லியிருக்கிறார். அதனால் வெட்டுக்குத்து வேண்டாம். போர்க்களம் வேண்டுமென்றால் 1429 மே 7-ஐ வையுங்கள். ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த பிரான்சின் ஒர்லேயான் நகரப் பாலத்துக் கோட்டையைத் தாக்கும்போது ஜோனின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அம்பு பாய்கிறது. அழுகிறார். மந்திரித்து ஆற்றுகிறோம் என்ற வீரர்களிடம், அது பாவம் என்று மறுத்துவிடுகிறார். ஆலிவ் எண்ணெயும் கொழுப்பும் வைத்துக் கட்டுகிறார்கள். மாலையில் மறுபடி கொடியோடு நிற்கிறார். மறுநாள் ஆங்கிலேயர் முற்றுகையை விட்டுப் போனார்கள். அப்போது வயது 17 இருக்கும். அந்த அழுகையை வெட்டிவிடாதீர்கள்.

கொடி வெள்ளை, அதில் 'இயேசு மரியா' என்று எழுதியிருந்தது. இரண்டு துணிகளில் தனித்தனியாக எழுதி முதுகோடு முதுகு சேர்த்துத் தையுங்கள். ஒரே துணியென்றால் மறுபக்கம் எழுத்து இடம்வலம் மாறித் தெரியும். மேடையில் காற்று இருக்காது, துணி தொய்ந்து எழுத்தை மூடிவிடும். மேல் விளிம்பில் மெல்லிய மூங்கில் குச்சியைச் செருகிவிடுங்கள். சாட்டின் துணி விளக்கொளியில் கண்ணைக் கூசும், பருத்தியே நல்லது. ஜோனின் முடி காதுக்கு மேல் கத்தரித்தது. விரித்த கூந்தல் வேண்டாம்.

மிச்ச நேரத்தில் பாதியை, ஜோன் ஆங்கிலேயர் கைக்குப் போன பின் ருவான் நகரில் நடந்த திருச்சபை விசாரணைக்குக் கொடுங்கள். 'நீ அருள்நிலையில் (கனமான பாவமின்றி, கடவுளின் அருளில்) இருக்கிறாயா?' என்று கேட்டார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லையென்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பெண் சொன்ன பதில்: "இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருந்தால் அதிலேயே காப்பாராக." இதை வேகமாகச் சொல்லிவிடுவதுதான் பிள்ளைகள் செய்யும் தவறு. 'சேர்ப்பாராக' என்றதும் மூச்சு விடச் சொல்லுங்கள்.

1431 மே 24-இல் தீக்குப் பயந்து, தான் சொன்னதெல்லாம் தவறென்று ஒப்புக்கொள்ளும் மறுப்புப் பத்திரத்தில் குறியிட்டார். நான்கே நாளில், பயத்தால்தான் அப்படிச் செய்தேன் என்று அதைத் திரும்பப் பெற்றார். பெரும்பாலான நாடகங்கள் இதை மறைத்துவிடுகின்றன. தயவுசெய்து வையுங்கள், பயம் தெரிந்த பிறகு திரும்பி வந்த துணிவு அது.

மே 30-இல் எரித்தது சூனியக்காரி என்றல்ல, மீண்டும் தவறிய பதிதர் (திருச்சபைப் போதனையை மறுப்பவர்) என்று. அந்தத் தீர்ப்பை 1456 ஜூலை 7-இல் திருச்சபையே ரத்து செய்தது. 1920-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தது மறைசாட்சியாக அல்ல, கன்னியராக. அறிவிப்பாளரிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

கடைசிக் காட்சியில் சூடமோ தீப்பந்தமோ கூடாது, சிவப்பு விளக்கு போதும். அவர் கேட்டுக்கொண்டபடி, பக்கத்துக் கோயிலிலிருந்து கொண்டுவந்த சிலுவையை ஒரு துறவி அவர் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். ஜோன் மேடைமேல் பலகையில் நிற்பார் என்பதால், அந்தத் துறவி வேடத்துக்கு வகுப்பிலேயே உயரமான பிள்ளையைப் போடுங்கள்.